தேத்தண்ணி தந்த வீடுகள்

போன கிழமையும் ஒரு ஆள் கேட்டுப்போட்டார், "அக்கா, அடுத்தமுறையும் எலெக்சன் கேப்பீங்களோ?" எண்டு. எனக்கு விசர்தான் வந்தது. கேட்டது போதும். கால் இன்னும் நோகுது.

நான் ரொறொன்ரோவில ஒரு தமிழ் ரேடியோவில இருபது வருசத்துக்குக் கிட்ட வேலை செய்தனான். என்னைக் கேட்டால் பத்திரிகையாளர் எண்டு சொல்லுவன். சனத்தைக் கேட்டால் மரண அறிவித்தல் வாசிக்கிற அக்கா எண்டு சொல்லும். விடியக்காலமை, "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட" எண்டு நான் தொடங்கினால், ஸ்காபரோவில இருந்து விட்பி வரைக்கும் காரில போற சனம் கதையை நிப்பாட்டும். தங்கட ஆள் இல்லையெண்டு தெரிஞ்சாப்பிறகுதான் திருப்பிக் கதைக்கத் தொடங்கும்.

அதுக்கிடையில நான் வேற வேலையும் செய்தனான் எண்டது ஒருத்தருக்கும் நினைவில்லை. வாடகை ஏத்தின கதை, வேலைத்தலத்தில கை நசுங்கின பெடியன்ர கதை எல்லாம் நானே மைக்கைக் கொண்டுபோய்ப் பிடிச்சு வந்தது. ஒருக்கா ஒரு பழைய தொடர்மாடியில லிப்ட் பழுதாகிக் கனநாள் கிடந்தது. டயாலிசிஸுக்குப் போற ஒரு ஐயாவை மகன்மார் கதிரையில வைச்சுப் படியால தூக்கி இறக்கினவை. அந்த மூச்சிரைக்கிற சத்தத்தோட அதை அப்பிடியே பதிவுசெய்து கொண்டு வந்தன். ரேடியோ முதலாளி அண்ணை முழுக்கக் கேட்டுப்போட்டு, "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனால் உது வேண்டாம்," எண்டார். அந்தக் கட்டடக்காரர் எங்களுக்கு விளம்பரம் தாறவை. அண்ணையிலயும் பிழை சொல்லேலாது, விளம்பரம் இல்லாட்டி ரேடியோவே இல்லை. எண்டாலும் எனக்கு அண்டைக்கு வயிறு எரிஞ்சது.

அந்த எரிச்சலோடதான், இடதுசாரிக் கட்சிக்காரர் வந்து மாகாணத் தேர்தலில நிக்கச்சொல்லிக் கேக்க ஓம் எண்டு சொன்னனான். அதைக் கேட்ட அண்ணை மேசையில கிடந்த கணக்குக் கொப்பியை மூடி வைச்சார். பிறகு, "கட்சிக்குப் போனால் நீர் மைக்குக்கு முன்னால இருக்கேலாது. தோத்தால் உம்மட வேலை இருக்கும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். யோசியும்," எண்டார். யோசிச்சன். இந்த வயசில எனக்கு வேற தொழில் தெரியாது. வெண்டால் சரி, தோத்தால் நடுத்தெரு. எண்டாலும் போனன். தோத்தால் வேலை போகும் எண்டதை வீட்டில மனுசனைத் தவிர ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. பரிதாபம் காட்டி வோட்டுக் கேக்கக்கூடாது எண்ட அந்த ரோசம் ஒண்டுதான் என்னட்டைச் சொந்தமாக் கிடந்தது.

கட்சி எனக்குத் துணைக்கு விட்டது ஒரு பின்லாந்துக்காரியை. அறுபதைத் தாண்டினவ. தன்ர நாட்டில ஒரு சின்னப் பேப்பரில நிருபரா இருந்து, காகித ஆலையள் மூடுற கதையை எழுதி எழுதி அலுத்துப்போய், எழுதினது போதும் எண்டு இடதுசாரிக் கட்சியில சேந்தவ. நகரசபைக்குப் போய், பிறகு பாராளுமன்றத்துக்கும் போயிருக்கிறா. ஒரு தவணைதான். அடுத்தமுறை சனம் வீட்டுக்கு அனுப்பிப்போட்டுது. மகள் இங்க கலியாணம் கட்டினதால வந்து சேந்தவ. "பேப்பரில இருக்கேக்க சனம் எனக்குக் கதை சொன்னது. பாராளுமன்றத்துக்குப் போனாப்பிறகு முறைப்பாடு மட்டும்தான் சொன்னது. தோத்தாப்பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது," எண்டு சொல்லுவா. பகிடியாச் சொல்லுறாவோ உண்மையாச் சொல்லுறாவோ எண்டு முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கேலாது.

மாசி மாதக் குளிரில ரெண்டுபேரும் வீடுவீடா ஏறி இறங்கினம். முதல் வீட்டில ஒரு மனுசி கதவைத் திறந்து, நான் "வணக்கம்" எண்டவுடன நெஞ்சில கையை வைச்சா. "ஐயோ, ஆர் பிள்ளை?" எண்டா. ஒருத்தரும் சாகேல்லை அன்ரி, வோட்டுக் கேக்க வந்தனான் எண்டு விளங்கப்படுத்தவே கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகென்ன! உள்ளுக்கு வா, சப்பாத்தைக் கழட்டு, இரு, தேத்தண்ணி குடி, வடை சாப்பிடு. "எங்கட அவரின்ர அறிவித்தலை நீர்தானே வாசிச்சனீர். அதைக் கேட்டாப்பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது," எண்டு அவரின்ர படத்தைக் காட்டினா. நானும் அழுதன். வாடகை, பஸ் காசு, ஆஸ்பத்திரியில காத்துக்கிடக்கிறது எல்லாம் சொன்னன். "ஓம் பிள்ளை, பாப்பம்," எண்டா.

வீட்டுக்கு வீடு இதே கதைதான். ஒரு வாசலுக்கு ரெண்டு நிமிசம் எண்டு பின்லாந்துக்காரி சொல்லியிருந்தா. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சப்பாத்தை எனக்கு முதலே கழட்டுவா, அவையின்ர நாட்டிலயும் அப்பிடித்தானாம். வெளியில வந்து குனிஞ்சு சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே கேப்பா, "போடுறன் எண்டு வாயால சொன்னவவோ?"

"வடை தந்தவ. போதாதே?"

"வாயால என்ன சொன்னவ?"

"பாப்பம் எண்டவ."

"பாப்பம் எண்டால் இல்லை எண்டுதானே," எண்டா. "எங்கட நாட்டில உள்ளுக்குக் கூப்பிடமாட்டினம். ஆனால் இல்லை எண்டதை முகத்துக்கு நேரே சொல்லிப்போடுவினம். அது நல்லது."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்திட்டுது கோவம். எங்கட சனத்தைப் பற்றி உவவுக்கு என்ன தெரியும்! கண்ணீர் விட்டு அழுத சனம் போடாமல் விடுமோ? தேத்தண்ணி தந்த வீடெல்லாம் என்ர வீடு எண்டு நான் மனசுக்குள்ள எழுதி வைச்சிருந்தன்.

தோத்தன். சும்மா இல்லை, மூண்டாம் இடம். வோட்டுப் பெட்டியளை ஒவ்வொண்டாப் பாத்தால், அதிகம் தேத்தண்ணி குடிச்ச தெருக்களிலதான் படுமோசம். பின்லாந்துக்காரி "நான் அப்பவே சொன்னன்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. என்ர கோட்டை எடுத்துக்கொண்டு வந்து கையைப் பிடிச்சுப் போட்டுவிட்டு, காரில வீட்டை கொண்டுவந்து விட்டா. அந்தக் குணத்துக்காக அவவை நான் கடைசிவரைக்கும் மறக்கமாட்டன்.

அண்ணைக்குப் போன் அடிச்சன். பாவம், அவருக்கும் சொல்லக் கஷ்டமாத்தான் இருந்தது. அறிவித்தலுக்கு ஒரு பிள்ளையை எடுத்தாச்சாம். விளம்பரக்காரர் என்ர பேரைக் கேட்டாலே முகத்தைச் சுழிக்கினமாம். அவ்வளவுதான். இருபது வருசம் ஒரு போனில முடிஞ்சுது. அண்டைக்கு நான் சமைக்கேல்லை, சாப்பிடவுமில்லை, குசினிக் கதிரையில சும்மா இருந்தன்.

இப்ப யூனியன்வில்லில ஒரு பல் டொக்ரரிட்ட முன்மேசையில இருந்து, வாற ஆக்களைப் பதிஞ்சு, போன் எடுக்கிறன். ஒருநாள் ஒரு மனுசி கன்னம் வீங்கி வந்து பேரைச் சொல்ல, நான் "இருங்கோ அன்ரி" எண்டன். குரலைக் கேட்டவுடன பல்லுக்குத்தை மறந்திட்டா. நான் முதல்முதலாக் கதவைத் தட்டின வீட்டு அன்ரி.

"பிள்ளை! நீர் இங்க என்ன செய்யிறீர்? எப்ப திரும்ப ரேடியோவுக்கு வாறீர்? உந்தப் புதுப்பெட்டை என்ன இழவு வாசிக்கிறாள் எண்டு செத்த ஆளுக்கே விளங்காது."

நான் வெக்கத்தை விட்டுக் கேட்டன், "அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. எனக்குப் போட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை," எண்டா, ஒளிவுமறைவு ஒண்டுமில்லாமல். "நீர் வெண்டு அங்க போயிட்டால் எங்கட ஆக்களுக்கு ஆர் வாசிக்கிறது? நாங்கள் எங்கட தெருவில எல்லாருமாக் கதைச்சுத்தான் மற்றக் கட்சி ஆளுக்குப் போட்டனாங்கள். உம்மை விட மனமில்லை."

கையில இருந்த பேனையை மேசையில வைச்சன். கோவம் வந்திருந்தாலும் பரவாயில்லை, அதுகூட வரேல்லை.

"அன்ரி, தோத்தால் ரேடியோ வேலையும் போகும் எண்டு முதலாளி அண்ணை முதலே சொன்னவர். இப்ப அதுவும் இல்லை, இதுவும் இல்லை."

அன்ரி வீங்கின கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னையே பாத்தா. கண் கலங்கிப்போச்சு.

"அட கடவுளே! உதை அண்டைக்கு வீட்டை வந்தநேரம் சொல்லியிருக்கக்கூடாதே பிள்ளை? நாங்கள் எல்லாரும் உமக்கெல்லே போட்டிருப்பம்."