நனைந்துபோன வாழை நார்

ஸ்ரீரங்கம் ரயில் நிலைய வாசலில், பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவது தாண்டாதவன் நான். இன்று மாட்டுக் கொட்டகைக்கு ரப்பர் பாய் செய்யும் கம்பெனிக்கே முதலாளி. அதையெல்லாம் அந்த அம்மாவிடம் விலாவாரியாகச் சொல்லியாகிவிட்டது.

காலடியில் ஒரு கட்டு வாழை நார். கொள்ளிடக் கரையில் நார்க்காரர்கள் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு, அலசி, சருகாகக் காயவைத்துக் கொடுத்தது. அப்படிப் பதப்படுத்தினால்தான் நாரை ரப்பர் கவ்விப் பிடிக்கும், பாய் கிழியாது. நாளை காலை இந்த நாரில் பாய் அடித்துக் காட்டவேண்டும். பார்க்க ஒரு பால் பண்ணைக்காரர் வருகிறார்.

நார்க்கட்டைப் பார்த்துக்கொள்ளும்படி அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காபி குடித்துத் திரும்புகிறேன். கட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"என்னம்மா பண்ணுனீங்க?"

"மொறமொறன்னு காஞ்சு கெடந்துச்சுங்கய்யா. பூக்கட்டுற நாருதானேன்னு நெனச்சேன், அப்படியே கட்டுனா ஒடிஞ்சிரும்ல? அதான் பக்கெட்டுல முக்கி வச்சேன்."

ஈர நாரை ரப்பரில் வைத்துச் சூட்டில் அழுத்தினால் பாய் முழுக்கக் கொப்புளம்தான். மறுபடி காய்வதற்கு ஒரு முழுநாள் வெயில் வேண்டும். சொல்கிறேன். அவர் முகம் சுண்டிப்போகிறது.

"கம்பெனி பெருமை அவ்வளவு பேசுனீங்களே. இந்த நாரு நனையக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாய்யா?"

பண்ணைக்காரருக்குப் போன் போட்டு, நாளை வரவேண்டாம் என்கிறேன். "அப்ப நான் வேற எடத்துல பாத்துக்கறேங்க" என்று வைத்துவிடுகிறார்.

திரும்பிப் பார்க்கிறேன். அந்த அம்மா பூவை அப்படியே போட்டுவிட்டு, என் நாரை இழை இழையாகப் பிரித்துத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.