குங்குமத் தட்டு

நியூசிலாந்தில், மகள் படிக்கும் பாபடோயிட்டோய் பள்ளியில், தீபாவளியை ஒட்டி ஒரு நாள் நம் வழக்கங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அந்த வருஷம் ஹால் வாசலில் நின்று, வருகிற பிள்ளைகளுக்குக் குங்குமம் வைத்து வரவேற்க இரண்டு அம்மாக்கள் தேவைப்பட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது டீச்சருக்குத் தெரியும். பேச வேண்டியிராத வேலை என்று இதை எனக்குக் கொடுத்துவிட்டார். மறுத்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கணவர் இறந்து அப்போது ஒன்றரை வருஷம். குங்குமச் சிமிழை நான் தொடுவதில்லை.

என்னோடு நின்றவள் மதுரைக்காரி, என்னைவிடச் சின்னவள்.

“நீ வச்சு விடும்மா. நான் தட்டப் பிடிச்சுக்கிறேன்” என்றேன்.

“ஏங்க்கா? இங்க யாரு பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்ல.”

அவள் தட்டை என் கையில் கொடுத்தாள். என் கையால் வைத்து, பிறகு எந்தப் பிள்ளைக்காவது ஒரு காய்ச்சல் வந்தால்கூட என்னால் தாங்க முடியாது. அதுதான் என் பயம்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வேண்டாம் என்பவர்கள் நேரே உள்ளே போகலாம். ஒருவன் மூக்கிலும் ஒன்று வைக்கச் சொன்னான். “போடா வாலு” என்று மதுரைக்காரி தமிழிலேயே திட்டி, வைத்தும் விட்டாள்.

அவனுக்குப் பின்னால் வந்த சமோவாத் தீவுக்காரச் சிறுமிக்கு ஏழு வயது இருக்கும். என் நெற்றியையே பார்த்தாள்.

“உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நம் வழக்கத்தைச் சொல்லத்தானே நிற்கிறோம் என்று, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: என் கணவர் இறந்துவிட்டார், அதனால் நான் வைத்துக்கொள்வதில்லை.

அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“என் அப்பாவும் இறந்துட்டார். அப்போ எனக்கும் கிடையாதா?”

கேட்டுவிட்டு வரிசையிலிருந்து விலகி நின்றாள். அழவில்லை. பள்ளிக்கூட விதி ஒன்றைப் போல அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

“அய்யோ, இல்லம்மா, இல்ல” என்று எனக்குத் தமிழில்தான் வந்தது. மதுரைக்காரி குங்குமத்தைத் தொட்டாள். அவள் வைத்தால் போதாது என்று தோன்றியது. சொன்னவள் நான். தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, நானே வைத்தேன். பொட்டு பெரிதாக, கோணலாக விழுந்தது. அது கலைந்துவிடக் கூடாதென்று தலையை அசைக்காமல் சிறுமி உள்ளே நடந்தாள்.

தட்டைத் திரும்ப வாங்கப் பார்த்தேன். மதுரைக்காரி தரவில்லை.

“வரிசை நிக்குதுக்கா” என்றாள்.

மற்ற பிள்ளைகளுக்கும் வைத்தேன். ஆனால் அடுத்த வாரம் தினமும் மகளை விடப் போனபோது, அந்தச் சிறுமி வருகிறாளா என்று கேட் ஓரம் நின்று பார்த்த பிறகே வேலைக்குப் போனேன். ஐந்து நாளும் வந்தாள்.