உவர்க் கிணற்றில் போட்ட பாதரசம்

போன கிழமை கொழும்பில் ஓர் ஆசுபத்திரி வாசலில் அறிவித்தல் ஒன்று பார்த்தேன். காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசக் குழாய்களைக் கொடுத்தால் புதியது தருவார்களாம். கையுறை போட்ட பிள்ளை ஒருத்தி அவற்றை வாங்கி, மூடியுள்ள வாளிக்குள் கவனமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் தீவுப்பகுதிக் கிளை மருந்தகம் ஒன்றில் நான் தாதி. இரண்டு அறை, டெற்றோல் மணம், ஒரு கால் ஆடுகிற கதிரை. அங்கே பிரஷர் பார்க்கும் பழைய பெட்டியின் கண்ணாடிக் குழாய் வெடித்துப் பாதரசம் சொட்டத் தொடங்கியது. முள் ஆடுகிற புதுக் கருவி ஏற்கெனவே வந்திருந்தது. பழையதை யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் கடலில் பிரச்சினை, படகு ஓடவில்லை. நிலத்தில் உருண்ட மணிகளைக் கடதாசியால் ஒதுக்கி ஒரு போத்தலில் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க ஓடும். சொன்னால் சிரிப்பீர்கள், அது எனக்கு விளையாட்டாகவே இருந்தது.

"இதை என்ன செய்யிறது அண்ணை?" என்று மருந்தகத் தொழிலாளி செல்லையா அண்ணையைக் கேட்டேன்.

"உவர்க் கிணத்துக்குள்ள போடுவம் மிஸ்ஸி. அந்தத் தண்ணியை ஒருத்தரும் குடிக்கிறேல்லை."

வெறுங்காலோடு நடக்கிற ஊர் அது. உடைந்த கண்ணாடி மனிதர் காலிலும் மாட்டின் காலிலும் குத்தாமல் பாழுங்கிணற்றில் போடுவதுதான் பொறுப்பான ஆட்களின் வழக்கம். பெட்டியையும் போத்தலையும் நானே கொண்டுபோய்ப் போட்டேன். உள்ளே போத்தல் உடைந்த சத்தம் கேட்டது.

அந்த வருடம் மழை இல்லை. ஒரு காலையில் அதே கிணற்றடியில் பூமணி நின்றாள். என்னிடம் கிளினிக்குக்கு வருகிறவள், ஏழு மாத வயிறு, இடுப்பில் குடம்.

"நல்ல தண்ணிக் கிணறு வத்திப்போச்சு மிஸ்ஸி. பத்து நாளா இதைத்தான் குடிக்கிறம். குடிக்க ஏலாதோ?"

உள்ளே பாதரசம் கிடக்கிறது, வயிற்றுப் பிள்ளைக்கு அது நஞ்சு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தண்ணீருக்கு எங்கே போவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய். என் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"கொதிக்க வைச்சுக் குடியும்" என்றேன். கொதிக்க வைத்தால் பாதரசம் போகாது என்று எனக்குத் தெரியும்.

"ஓம் மிஸ்ஸி" என்று குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பிள்ளை பிறக்குமுன் எனக்கு இடமாற்றம் வந்தது. பிறகு சண்டையில் ஊரே எழும்பிப் போனது. இப்போது அந்த மருந்தகம் இல்லை, கிணற்றையும் தூர்த்துவிட்டார்களாம். தீவு ஆட்களை எங்கே கண்டாலும் பூமணியை விசாரிப்பேன். தெரியாது என்பார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.