பங்கு கேட்ட ஜெனிஃபர்

பேரம் பேசும்போது ஜெனிஃபர் உட்காரமாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, திருவிடந்தை மாடி அறையில் சுவருக்குச் சுவர் நடப்பாள். வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர்களுக்கு அவள் பாதி நேரம் குரலாக மட்டும்தான் தெரிவாள்.

சிறுசேரி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அவளும் நண்பன் ஹேமந்தும் சேர்ந்து உருவாக்கிய வீடியோ கேமின் பெயர் ‘மதகு’. அடைமழையில் ஏரிக்கரை உடையப் பார்க்கும். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நான்கு பேர் ஆன்லைனில் சேர்ந்து மண்மூட்டை போட்டுக் காப்பாற்ற வேண்டும். யாராவது அதை ஆடும்போது ஜெனிஃபர் திரையைப் பார்ப்பதில்லை. ஆடுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பாள். பஞ்சர் கடைக்கே டிவியையும் கன்சோலையும் தூக்கிக்கொண்டு போய், காத்திருப்பவர்களை ஆட வைப்பாள். “எங்க கொட்டாவி வுடறாங்கன்னு பாக்கணும்” என்பாள்.

சென்ற ஆண்டு ஒரு வெளியீட்டு நிறுவனம் ‘மதகு’ கேட்டு வந்தது. கன்சோலின் மாதச் சந்தா சேவையில் அதைச் சேர்ப்பதாகத் திட்டம். சந்தாதாரர்கள் ஆடும் நேரத்துக்கேற்ப சேவை வெளியீட்டாளருக்குப் பணம் தரும். அதில் உருவாக்கியவர்களுக்குப் பங்கு கிடையாது, ஒரே தொகைதான் என்றார் நிறுவனத்தின் லக்ஷ்மிநாராயணன்.

“சந்தா கட்டினவங்க பத்து நிமிஷம் ஆடிட்டு அடுத்த கேமுக்குப் போயிடுவாங்க மேடம். மொத்தமா வாங்கிக்கறதுதான் உங்களுக்கு நல்லது.”

நடை நின்றது. “போயிட்டா எங்களுக்கு ஒண்ணும் வாணாம் சார். ஒக்காந்துகினு ஆடினா, ஆடற நேரத்துக்கு எங்க பங்க குடுங்க.”

அழைப்பு முடிந்ததும் ஹேமந்த் தலையில் கைவைத்தான். அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. “இன்னா ஜெனி, கைக்கு வந்தத வுட்டுட்டியே!”

“பஞ்சர் ஒட்டியாச்சுன்னு கடையில கூப்ட்டாங்களே, ஆடிகினு இருந்த ஆளு எழுந்தாரா? நீயும் பாத்துகினுதான இருந்த?”

கோடை முழுக்க நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. ஜெனிஃபர் கல்லூரிகளில் வகுப்பெடுத்து அறை வாடகை கட்டினாள். இறங்கி மட்டும் வரவில்லை. ஆடி மாதம் லக்ஷ்மிநாராயணனே கூப்பிட்டார். “எங்க ஆபீஸ்லயே யாரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க மேடம். பங்கு பத்திப் பேசலாம்.”

ஐப்பசியில் ‘மதகு’ சேவையில் வந்தது. முதலில் பேசிய தொகையை, ஆட்ட நேரத்துக்கான பங்கு பொங்கலுக்குள் தாண்டிவிட்டது. ஹேமந்த் ஓடிவந்து சொன்னபோது அவள் “தெரியும்” என்றாள். முகம் கொள்ளாத சிரிப்பு.

அன்று மாலை அப்பா தேவசகாயத்தை அறைக்கு அழைத்து வந்தாள். பிறர் வயலுக்கு நீர் பாய்ச்சிக் கூலி வாங்கியவர். ‘மதகு’ ஆட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் விதம் அவருடையது. அந்த நேரம் ஆடிக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே இருந்தது.

“இத்தினி பேரும் இப்பவாம்மா?”

“இப்பத்தான் நைனா. பிரேசில்ல, ஜப்பான்ல... எல்லாரும் நம்ம ஏரிக்கரையிலதான் கீறாங்க.”

தேவசகாயம் மாடி ஏறிவந்த வேர்வைக்குத் திறந்துவிட்டிருந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, விருந்தாளிகள் முன் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்துப் பொத்தான் மட்டும் பிடிபடவில்லை. ஜெனிஃபர் குனிந்து அதைப் போட்டுவிட்டாள்.