பக்கிள் இல்லாத வாள்வார்

லுத்வினாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பேச்சு குறைந்துபோகும், அவ்வளவுதான். பிட்கோஷ் நகரத்து ரயில்பெட்டிப் பட்டறையில் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. பழங்காலப் போர்களை நடித்துக் காட்டும் வாள்வீரர் குழுவுக்கு முதலில் போனது அவள் கணவன்தான். துணைக்குப் போனவள் இவள். இரண்டு வருடத்தில் அவன் முதுகுவலி என்று விலகிக்கொண்டான், இவள் தங்கிவிட்டாள்.

ஒவ்வொரு ஜூலையிலும் கோட்டைப் புல்வெளியில் ஆயிரத்து இருநூற்று நாற்பதுகளில் நடந்த போரை நடித்துக் காட்டுவார்கள். எல்லோரையும்போல அவளும் முதலில் அங்கேயே ஒரு கடையில் வாளைத் தொங்கவிடும் இடுப்புவார், வாள்வார், வாங்கினாள். பழுப்புத் தோல், பளபளக்கும் பித்தளை பக்கிள். நாலு வருடம் அதையே கட்டினாள்.

பிறகு ஒரு நாள், கூட வேலை பார்ப்பவளின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்குப் போனாள். சுவரோரமாக ஒரு கல்லறைப் பலகை. அதில் படுத்திருப்பதுபோலச் செதுக்கியிருந்த வீரனின் இடுப்பில் பக்கிளே இல்லை. வாரின் ஒரு முனையை இரண்டு வாலாகக் கிழித்து, மறுமுனையில் இருந்த இரண்டு கீறல்கள் வழியாக நுழைத்து, முன்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். தையல்காரியின் கண் அதைவிட்டு அகலவில்லை. பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டாள். அந்தக் கோடையில் அதே காலத்துக் கல்லறைகள் இன்னும் நாலைத் தேடிப் பார்த்தாள். நாலிலும் முடிச்சுதான்.

அதேபோல ஒன்று செய்ய ஏழு மாதம் சனிக்கிழமைகளைக் கொடுத்தாள். மெல்லிய மரப்பட்டைகள் இரண்டைச் செதுக்கி, உள்ளே கம்பளித் துணி ஒட்டி, மேலே நார்த்துணி சுற்றி, ஈரத்தோலை இழுத்துப் பின்பக்கம் தைத்து வாளுறை செய்தாள். வாருக்குப் படிகாரம் போட்டுப் பதப்படுத்திய வெள்ளைத் தோல். உறையையும் வாரையும் சேர்க்க ஆணி இல்லை, வளையம் இல்லை. தோலையே கீறி, தோலையே நுழைத்துப் பின்னியிருந்தாள்.

அடுத்த ஜூலையில், உடையும் ஆயுதமும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று புல்வெளி வாசலில் சோதிக்கும் கோர்டியான் என்பவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது நடக்காது மேடம். பக்கிள் எங்க?"

"அந்தக் காலத்துல இதுக்குப் பக்கிள் கிடையாது. படம் கொண்டுவந்திருக்கேன், பாருங்க."

"கல்லு செதுக்கறவன் மனசுக்கு வந்தத செதுக்குவான். அப்புறம் தோலு ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? ஆஸ்பத்திரி பெல்ட் மாதிரி இருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"உங்க விதித்தாள்ல 'படமோ சிற்பமோ ஆதாரம் வேணும்'னு போட்டிருக்கு. நான் அஞ்சு காட்டறேன். முன்னாடி போனவர் ஒண்ணாவது காட்டினாரா?"

"அவர் கட்டியிருக்கறது சரியான பெல்ட்டு. அதோ அந்தக் கடையில இருக்கு, நீங்களும் வாங்கிட்டு வாங்க."

அந்தக் கடை அவருடைய மச்சான் கடை என்பது எல்லோருக்கும் தெரியும். இவள் முன்பு வாங்கியதும் அங்கேதான்.

குழுத்தலைவர் ஜெனோபி அவள் தோளைத் தொட்டார். "விடு லுத்வினா. என்கிட்ட இன்னொரு வார் இருக்கு, அதக் கட்டிக்க. ஒரு நாள் கூத்து, இதுக்குப் போயி..."

கோர்டியான் பேசியதைவிட இதுதான் அவளைச் சுட்டது. அந்த வாரைத் தொட்டுத் தொட்டு "அருமை, அருமை" என்று போன வாரம் சொன்னவர் இவர்.

"எனக்கு வேணாம்," என்றாள். கோர்டியானிடம் திரும்பினாள். "உள்ள விடலேன்னா பரவால்ல. ஏன் விடலேன்னு எழுதிக் குடுங்க."

"எழுதற வழக்கம் இல்ல."

"இன்னிக்கு எழுதுங்க."

நகரவில்லை அவள். பின்னால் வரிசை நீண்டது. இரும்புச் சட்டைக்குள் வெந்துகொண்டிருந்த ஆட்கள் முதலில் அவளைத் திட்டினார்கள், கொஞ்ச நேரத்தில், "எழுதிக் குடுத்துத் தொலையேன்யா!" என்று அவரைத் திட்டினார்கள். கடைசியில் கிறுக்கினார்: 'தோல் மிக வெள்ளை. பக்கிள் இல்லை.' கீழே கையெழுத்து.

அந்தத் தாளை வாரிலேயே ஊசியால் குத்திக்கொண்டு, கையில் ஐந்து படங்களோடு, அந்த மச்சான் கடைக்கு எதிரே போய் நின்றாள். கூவவில்லை. யாராவது கேட்டால் படத்தைக் காட்டினாள்.

"கடைய மறைக்கறீங்க," என்றான் கடைக்காரன்.

"வழி விட்டுத்தான் நிக்கறேன். உங்க பக்கிள் எந்தக் கல்லறையில இருக்கு, சொல்லுங்களேன். நானும் போய்ப் பாத்துட்டு வரேன்."

அன்று போர் அவளில்லாமல் நடந்தது. மாலையில் ஜெனோபி ரொட்டியும் ஊறின வெள்ளரியும் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். "அந்தத் தேவாலயத்துக்குப் போனேன். நீ சொன்னதுதான் சரி. அன்னிக்கு நான் உன் பக்கம் நின்னிருக்கணும்."

"நின்னிருக்கணும்தான்."

"எனக்கும் ஒண்ணு தச்சுத் தருவியா?"

"தர மாட்டேன். கத்துத்தரேன். விரல்ல ஊசி குத்தினாத்தான் அடுத்த தடவை வாய் திறக்கும்."

அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய சமையலறையில் பதினோரு பேர் தோல் கீறக் கற்றார்கள். ஜெனோபி மூன்று வாரைப் பாழாக்கினார்.

மறு ஜூலையில் பன்னிரண்டு பேரும் வெள்ளை வாரோடு ஒரே வரிசையாக வாசலுக்கு வந்தார்கள். முன் அணியே அவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் போர் இல்லை. கோர்டியான் ஜெனோபியின் இடுப்பைப் பார்த்தார், பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எல்லாருமேவா?"

"எல்லாருமேதான். எழுதறதா இருந்தா பன்னெண்டு தாள் எடுங்க," என்றார் ஜெனோபி.

கோர்டியான் எழுதவில்லை. ஒவ்வொருவராக உள்ளே விட்டார். லுத்வினாவின் முறை வந்தபோது இளித்துக்கொண்டே கையை நீட்டினார். "பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க மேடம். இந்த வருஷம் இதான் ஃபேஷன் போல."

"ஃபேஷன் இல்ல. போன வருஷமும் இது சரியாத்தான் இருந்துச்சு. தப்பா இருந்தது நீங்க. அதச் சொல்லுங்க, கை குடுக்கறேன்."

அவர் நீட்டிய கையை அப்படியே திருப்பி, உள்ளே போகும்படி காட்டினார். அவள் முடிச்சை ஒருமுறை இறுக்கிக்கொண்டு புல்வெளிக்குள் நடந்தாள்.