வெள்ளைத் தோல் தைத்த நாட்கள்

இருமலை நான் சட்டை செய்யவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள் நான்; பசை நெடியில் இருமாதவர் அங்கே யார்? சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் வேலூருக்குப் போனேன். நுரையீரல் காசநோய். ஆறு மாதம் தினமும் மாத்திரை.

அந்த மாத்திரை வியர்வையை ஆரஞ்சு நிறமாக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெள்ளைத் தோலில் என் விரல் பட்டுக் கறை விழுந்தால் கம்பெனி முழுக்க நோய் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். வெள்ளை ஆர்டர் ஓடும் நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவேன். கறுப்பு, பழுப்பு என்றால் ஒழுங்காக விழுங்குவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் இருமல் திரும்பியது. மருந்துக்கு அடங்காத காசநோய் (வழக்கமான மாத்திரைக்குச் சாகாத கிருமி) என்று சோதனையில் வந்தது. மாத்திரையை விடாமல் போட்டாயா என்று மருத்துவர் கேட்டதும் உண்மையைச் சொன்னேன்.

"இன்னா சொல்ற? என்னாண்ட கூட சொல்லலியே" என்றார் என் கணவர்.

"நான் விட்டதாலதான் கிருமி மாறிச்சா டாக்டர்?"

"இல்லம்மா. கோடிக்கணக்கான கிருமில ஒண்ணு ரெண்டு தானாவே மாறிப் பொறக்கும். எல்லா மருந்தும் தினமும் போனா அதுவும் சாகும். விட்டு விட்டுப் போட்டா மத்தது சாகும், அது மட்டும் தங்கிப் பெருகும். அதுக்கு ஒரு நாள்னா கிட்டத்தட்ட ஒரு தலைமுறை."

எங்கள் கம்பெனியில் தோலைப் புரட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். நானும் என் மார்புக்குள் அதைத்தான் செய்திருக்கிறேன், பொல்லாததை மட்டும் வைத்துக்கொண்டு. சாகப் பயமாக இருந்தது. நான் வளர்த்த கிருமி நாலு வயது மகளுக்கும் போயிருக்குமோ என்பது அதைவிடப் பெரிய பயம். அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

புது மருந்துகள் ஒன்றரை வருடத்துக்கு. அதில் ஒன்று வியர்வையைச் சிவப்பாக்கியதோடு என் தோலையே கறுக்கவைத்துவிட்டது. துண்டுத் தோலுக்குப் பயந்தவளுக்கு முகமெல்லாம் நிறம் மாறியது. கண்ணாடியில் தெரிபவளோடு இப்போதுதான் பழகி வருகிறேன்.

சளியில் கிருமி இல்லை என்றான பிறகு வேலைக்குத் திரும்பினேன். மாத்திரை இன்னும் நான்கு மாதம் பாக்கி. போன வாரம் வெள்ளை ஆர்டர் வந்தது. சூப்பர்வைசரிடம் போய், "காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுறேன் சார். வேர்வையில கறை படும்" என்றேன்.

அவர் அலமாரியைத் திறந்து ஒரு ஜோடி நூல் கையுறையை எடுத்துக் கொடுத்தார்.

"இத அப்பவே கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

நான் மாத்திரையை விட்டது மொத்தம் இருபத்தாறு நாட்கள். அந்த இருபத்தாறு தலைமுறையும் வளர்வதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.