காப்பு கட்டிய கை

பட்டாளத்துக்கு வரமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் எழுதிப் போட்டது தெரிந்ததும், எங்கள் ஊர் நாக்கில் நரம்பில்லாமல் பேசியது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருந்த அந்த ஊருக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். வாயைத் திற, நாக்கை நீட்டு என்பதைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சொல்லத் தெரிந்தவர். உலக யுத்தத்தில் பர்மா முனையில் வேலை பார்த்துவிட்டு வந்தார். தேவைப்பட்டால் மறுபடி கூப்பிடுவோம் என்று ரிசர்வில் வைத்திருந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் கூப்பிட்டும் விட்டார்கள்.

உயிருக்குப் பயந்துவிட்டார் என்றது டீக்கடை. பெண்டாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்றது கிணற்றடி. நான் எதையும் முடிந்து வைக்கவில்லை. ஜெயிலுக்குப் போவதைவிடப் பட்டாளத்துக்கே போய்த் தொலையுங்களேன் என்று கத்தியவளே நான்தான். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அங்க நான் வைத்தியமா பாத்தேன்? காய்ச்சல் விட்டவன்ல யாரத் திரும்பச் சண்டைக்கு அனுப்பலாம்னு பொறுக்கி எடுத்தேன். நான் அனுப்பினவனுங்கள்ல பாதிப்பேர் வரலே. இன்னொருதரம் பொறுக்க மாட்டேன்."

தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன். கோபம் மட்டும் போகவில்லை.

ஊர்க்கவுண்டருக்கு வேறு கவலை. டாக்டர் போய்விட்டால் ராத்திரி காய்ச்சலுக்கு யார் கதவைத் தட்டுவது? அப்போது மாரியம்மன் திருவிழா தொடங்கும் சமயம். பூசாரியைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரி அறைக்கே வந்தார். இந்த வருஷம் டாக்டர் கையிலும் காப்பு கட்டவேண்டும், ஊர் மரியாதை என்றார். ஆத்தா மேல் இருக்கும் மரியாதையில் இவரும் வலது கையை நீட்டினார். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டிவிட்டுப் போனார்கள். காப்பு கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. மரியாதைக்குள் இருந்த தந்திரம் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது, இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோதுதான். வராவிட்டால் கைது செய்யச் சொல்லி உத்தரவு இருந்தது. இவர் வாயைத் திறக்குமுன் ஊர்க்கவுண்டர் முன்னால் வந்து, காப்பு கட்டிய கை, எல்லை தாண்டினால் ஊருக்கே ஆகாது என்று கும்பிட்டார். கும்பலும் ஆமாம் போட்டது. கோழை என்று சொன்ன அதே வாய்கள்!

இன்ஸ்பெக்டர் சேலத்துப் பக்கத்து ஆள். காப்பைப் பார்த்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றார். காப்பு இருக்கிற கையைத் தொடமாட்டேன், திருவிழாவால் வரமுடியவில்லை என்று எழுதிவிடுகிறேன், அது முடிவதற்குள் பட்டாளத்தில் வேறு டாக்டரைப் போட்டுவிடுவார்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சாமிய ஏன் இழுக்கறீங்க?" என்றார் என் வீட்டுக்காரர். "ஆத்தா என்னைத் தடுக்கலே. நானாத்தான் வரமாட்டேங்கறேன். அப்படியே எழுதுங்க."

காப்பு இருக்கும்வரை அப்படி எழுதமுடியாது என்றார் இன்ஸ்பெக்டர். இவர் மேஜையிலிருந்த கட்டு வெட்டும் கத்தரியை எடுத்தார். கட்டியிருந்தது வலது மணிக்கட்டில். இடது கைக்குக் கத்தரி பிடிபடவில்லை. நூல் நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு தரம் முயன்றுவிட்டு, கத்தரியை என்னிடம் நீட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கூப்பிட்டவர்கள் மேல், கட்டியவர்கள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக இந்த மனுஷன் மேல். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் வீட்டில் இருக்கலாம். அதை ஒழிக்க என் கையே வேண்டுமா? வெட்டாதே என்று கும்பலில் பெண்கள் அழுதார்கள். ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்து, புருஷனை நீயே ஜெயிலுக்கு அனுப்புகிறாயா என்றார்.

அவர் கையை நீட்டியபடியே நின்றார். நூலுக்கு அடியில் கத்தரியை நுழைத்தேன்.

வெட்டினேன். அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் போனபிறகு ஊர் அவரைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டியது. அவர்மேல் எனக்கிருந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. ஆனால் மறுபடி அந்தக் கையை நீட்டினால், மறுபடியும் வெட்டுவேன்.